அணைக்கரையில் புதுப் பறவை கண்டால்



ஜொகூர் மாநிலத்தில் தோட்டங்களை ஒட்டியும் காடுகளை ஒட்டியும் பெரிய நீர்த்தேக்கங்கள் பல இருக்கின்றன. குளுவாங், ஆயர் ஹீத்தாம் பக்கம் செம்ரோங் அணை. சிம்பாங் ரெங்கம் பக்கம் மாச்சாப் அணை. யோங் பெங் பக்கம் பெக்கோக் அணை. கோத்தா திங்கி மாவட்டத்தின் உட்பகுதியில் லிங்கியு நீர்த்தேக்கம். வெள்ளத்தைத் தடுக்கவும் குடிநீர் தரவும் மனிதன் கட்டியவை இவை. ஆனால் பறவைக்கு அணை என்றும் ஏரி என்றும் வேற்றுமை தெரியாது. தண்ணீரும் சேறும் இரையும் இருந்தால் அது இறங்கிவிடும்.

அப்படி இறங்குகின்ற பறவையை முதலில் பார்க்கிறவர் யார்? பட்டணத்தில் இருக்கும் அறிஞர் அல்லர். பொழுது புலரும் வேளையில் பெரட்டுக் களத்துக்குப் போகிறவர், பால்வெட்டுக்கோ குலை அறுக்கவோ நிரைக்குள் நுழைகிறவர், மாலையில் தூண்டிலோடு கரையில் உட்காருகிறவர், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள். இவர்கள்தாம் முதற் சாட்சிகள். ஆனால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? “ஏதோ கொக்கு போகிறது” என்று ஒரு சொல்லோடு அந்தச் செய்தி முடிந்துவிடுகிறது. பார்த்தவரோடு அது மறைந்தும் போகிறது.

பார்த்ததைச் சரியாகக் குறித்து, சரியான இடத்தில் சொன்னால் அதனால் என்ன பயன்? இதை ஒரு பறவையின் கதையைக் கொண்டே இன்று விளங்கிக்கொள்வோம்.

அந்தப் பறவையின் பெயர் நத்தைகுத்தி நாரை. தமிழ்நாட்டில் செங்கற்பட்டுப் பக்கத்திலுள்ள வேடந்தாங்கல் ஏரியில் ஆண்டுதோறும் கூடு கட்டும் பறவைகளுள் இதுவும் ஒன்று. நம் முன்னோர்களில் பலர் கப்பலேறுமுன் ஊர்க் குளங்களில் இதைப் பார்த்திருப்பார்கள். நின்றால் சுமார் இரண்டேகால் அடி உயரம் இருக்கும். உடல் வெண்மை அல்லது சாம்பல் கலந்த வெண்மை. சிறகின் பின்பாதியும் வாலும் கறுப்பு. இதன் தனி அடையாளம் அலகில் இருக்கிறது. அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். பாக்குவெட்டியை முழுவதும் மூடாமல் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது.

இந்த இடைவெளி எதற்கு? நத்தை ஓட்டை நொறுக்குவதற்கு என்றே பல காலம் எண்ணி வந்தார்கள். கவனித்துப் பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். பறவை நத்தையைப் பிடித்து, கூரான கீழலகின் நுனியை ஓட்டின் வாய்க்குள் செலுத்தி, உடலை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுத்து, சதையை உருவி எடுத்துக்கொள்கிறது. ஓடு பெரும்பாலும் உடையாமலே கிடக்கும். நத்தையை நொறுக்கி என்று சொல்லாமல் நத்தைகுத்தி என்று பெயரிட்ட நம் கிராமத்து மக்களின் கூர்மையான பார்வையை மெச்சத்தான் வேண்டும்.

இனி, இந்தப் பறவைக்கும் ஜொகூருக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் இது மலாயாத் தீபகற்பத்துப் பறவையாகக் கருதப்படவில்லை. நமக்கு வடக்கே தாய்லாந்தில் இது உண்டு. பாங்காக் நகருக்கு வடக்கேயுள்ள வாட் பை லோம் என்னும் பௌத்த மடாலயத்தின் மரங்களில் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவதில் பேர்பெற்றது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது நம் நாட்டின் வட மாநிலங்களின் நெல்வயல்களில் கூட்டங் கூட்டமாகத் தோன்றத் தொடங்கியது. 2013-இல் சிங்கப்பூரில் முதன்முறையாகப் பதிவு செய்யப்பட்டது. 2019 டிசம்பரில் ஆயிரக்கணக்கான நத்தைகுத்திகள் சிங்கப்பூர் வானத்தில் வட்டமிட்டன.

வடக்கிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் பறவை ஜொகூரைத் தாண்டாமல் போக முடியாதல்லவா? ஆகவே நம் தோட்டங்களின் தலைக்கு மேலே அந்தக் கூட்டம் போயிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

ஏன் இப்படித் தெற்கே வந்தன? இதற்கு அறிஞர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் கூறுகிறார்கள். பிறந்த இடத்தில் இவற்றின் தொகை பெருகியிருக்கலாம். அங்கே வறட்சி நேர்ந்து இரை குறைந்திருக்கலாம். இன்னொரு காரணம் நம் கால்வாய்களிலேயே இருக்கிறது. தோட்டத்துக் கால்வாய் ஓரத்திலும் குட்டையிலும் புல்தண்டின்மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டைகள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை பொன்னத்தை எனப்படும் நத்தையின் முட்டைகள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த நத்தை 1980-களில் ஆசிய நாடுகளில் பரவியது. 1991-இல் மலேசியாவில் கண்டறியப்பட்டது. இளம் நெற்பயிரைத் தின்று விவசாயிகளை வாட்டும் பூச்சிப் பகை இது. அந்த நத்தையோ நத்தைகுத்திக்கு விருந்து. விருந்து இருக்குமிடம் தேடிப் பறவை வருகிறது.

நேயர்களே, இந்தக் கதை எப்படித் தெரிய வந்தது? ஒரே மனிதர் தாய்லாந்திலிருந்து சிங்கப்பூர் வரை பறவையின் பின்னால் ஓடிக் கண்டுபிடித்தாரா? இல்லை. ஒருவர் வயலோரத்தில் பார்த்தார். நாளும் இடமும் குறித்தார். இன்னொருவர் வேறோர் ஊரில் பார்த்தார், எண்ணிக்கையைக் குறித்தார். இப்படிப் பல பேர் சொன்ன சிறு சிறு செய்திகளைச் சேர்த்தபோது பறவையின் பாதை தெரிந்தது. எந்த ஊரில் யாரும் குறிக்கவில்லையோ, அந்த ஊர் படத்தில் வெற்றிடமாகவே இருக்கும். அங்கே பறவை வரவில்லை என்று பொருளல்ல. வந்தது என்று சொல்ல ஆளில்லை என்றுதான் பொருள். ஒரு நீர்நிலையைக் காக்க வேண்டும் என்று நாளை ஒருவர் வாதாடும்போது, “அங்கே என்ன பறவை இருக்கிறது?” என்று கேட்பார்கள். வெற்றிடத்தை வைத்துக்கொண்டு எவரும் வாதாட முடியாது.

சரி, பறவையை எப்படி இனம் காண்பது? முதலில் நாள்தோறும் காணும் பறவைகளை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். மாட்டுக்குப் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கு. புதர் ஓரத்தில் ஓடும், மலாய்க்காரர்கள் ‘ருவாக் ருவாக்’ என்று அழைக்கும் வெண்மார்புக் கானாங்கோழி. மாலையில் சீழ்க்கை அடித்தபடி பறக்கும், ‘பெலிபிஸ்’ எனப்படும் சிரவி வாத்து. பழகிய முகங்கள் தெரிந்தால்தான் கூட்டத்தில் புதுமுகம் கண்ணில் படும்.

அடுத்து, பறக்கும்போது கழுத்தைப் பாருங்கள். கொக்கு இனம் கழுத்தை மடித்துத் தோளோடு சேர்த்துக்கொண்டு பறக்கும். நாரை இனத்தில் பெரும்பாலானவை கழுத்தை நேராக நீட்டிப் பறக்கும். சாம்பல் நாரை என்று நாம் சொல்லும் பறவை பெயரில் நாரையாக இருந்தாலும் கழுத்தை மடித்தே பறக்கும். அது கொக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த ஒரு குறிப்பே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். நத்தைகுத்தி கழுத்தை நீட்டிப் பறக்கும். வெயில் ஏறிய பிறகு, மேலெழும் வெப்பக் காற்றில் சிறகடிக்காமல் கூட்டமாக வட்டமிடும். மூவார் அருகே பாரிட் ஜாவா கடற்கரையில் காணப்படும் மொட்டைத்தலைப் பெருநாரையும் நாரை இனமே. ஆனால் அதன் உருவம் மிகப் பெரியது. முதுகும் சிறகும் கருமை. தலையிலும் கழுத்திலும் மயிர் மிகக் குறைவு. அதை நத்தைகுத்தியோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

நீரின் மட்டத்தையும் கவனியுங்கள். 2016 அக்டோபரில் லிங்கியு நீர்த்தேக்கத்தின் இருப்பு ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அணை வற்றுவது குடிநீருக்குக் கேடு. நாம் வருந்த வேண்டிய செய்தி. ஆனால் நீர் இறங்கும்போது சேற்றுக்கரை வெளிப்படும். நடந்து இரை தேடும் பறவைகளுக்கு அது ஏற்ற இடம். தண்ணீர் நிறைந்திருக்கும்போது வாத்தும் முக்குளிப்பானும் நீந்தும். ஆகவே பறவையோடு நீர்மட்டத்தையும் ஒரு வரி எழுதினால் அந்தக் குறிப்பின் மதிப்பு கூடும். அக்டோபர் முதல் மார்ச் வரை வடநாடுகளின் குளிருக்குத் தப்பிப் பறவைகள் வரும் காலம். அந்த மாதங்களில் கண்ணை இன்னும் கொஞ்சம் அகல விரித்து வையுங்கள்.

என்னென்ன எழுதுவது? பழைய பள்ளி நோட்டு ஒன்றே போதும். நாள், நேரம், இடம், எத்தனை பறவை, உருவம், அலகு, கால், நிறம், என்ன செய்தது — இவ்வளவுதான். உதாரணத்துக்கு ஒரு குறிப்பு: “டிசம்பர் 12, காலை 7.30. அணையின் சாலையோரக் கரை. கழுத்தை நீட்டிப் பறக்கும் பறவை 14. உடல் வெள்ளை, சிறகு ஓரம் கறுப்பு. அலகில் இடைவெளி தெரிந்தது. சேற்றில் நத்தை தேடின. நீர் குறைந்திருந்தது.” பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. தெரியாத பறவைக்கு ஊகத்தில் பெயர் சூட்டுவதைவிட, கண்ட அடையாளத்தை அப்படியே எழுதுவது மேல். பெரிய கூட்டமானால் முதலில் பத்துப் பறவையை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அப்படி எத்தனை பத்து என்று கணக்கிடுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது. தூரப் படமானாலும் கழுத்தும் சிறகும் தெரிந்தால் உதவும்.

புதுப் பறவை எல்லாம் காட்டிலிருந்து வந்தது என்றும் முடிவு கட்டக்கூடாது. சிங்கப்பூரின் சுங்கை பூலோவில் காணப்படும் மஞ்சள்மூக்கு நாரைகள் அங்குள்ள விலங்குக் காட்சிச்சாலையின் பறவைகளிலிருந்து பெருகியவை. அப்படிப்பட்டதையும் எழுதுங்கள். பிரித்தறிவது அறிந்தவர் வேலை. கண்டதை மறைக்காமல் சொல்வது நம் வேலை.

இனி, யாரிடம் சொல்வது? 1940-இல் தொடங்கப்பட்ட மலேசிய இயற்கைக் கழகத்துக்கு ஜொகூரிலும் கிளை உண்டு. ஜனவரி மாதந்தோறும் ஆசிய நாடுகளில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, 1987-இல் தொடங்கியது. மலேசியாவும் அதில் பங்கு கொள்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய ‘ஈபேர்ட்’ என்னும் ஏட்டில் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கைப்பேசி வழியாகக் கட்டணமின்றிப் பதியலாம். வீட்டிலுள்ள பிள்ளைகள் இதை அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். அப்பாவின் கண், மகளின் கைப்பேசி, அம்மாவின் நினைவு — மூன்றும் சேர்ந்தால் ஒரு நல்ல பதிவு உருவாகும். பள்ளி ஆசிரியரிடம் நோட்டைக் காட்டினால் அறிவியல் பாடத்துக்கும் அது உதவும்.

யாரிடம் சொல்லக் கூடாது என்பதும் முக்கியம். வலை விரிப்பவரும் துப்பாக்கி எடுப்பவரும் காது கொடுத்துக் கேட்பார்கள். கூடு இருக்கும் மரத்தை ஊரறியச் சொல்லாதீர்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பல பறவைகளுக்குக் காவல் அளிக்கிறது. அவற்றை அனுமதியின்றிப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். வேட்டையைக் கண்டால் ‘பெர்ஹிலித்தான்’ எனப்படும் வனவிலங்குத் துறைக்குத் தெரிவியுங்கள். செத்துக் கிடக்கும் பறவையைக் கையால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சல் ஆபத்து உண்டு. பல பறவைகள் ஒன்றாக இறந்து கிடந்தால் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். அணையின் தடுப்பு வேலியைத் தாண்ட வேண்டாம்; பிள்ளைகள் பெரியவர் துணையோடு, பொதுச் சாலையிலோ தோட்டத்து எல்லையிலோ நின்று பார்த்தால் போதும்.

இவ்வளவும் ஏழைத் தொழிலாளிக்கு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நான் முன்பு சொன்ன வேடந்தாங்கலையே பாருங்கள். அந்த ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, அவ்வூர் உழவர்கள் சும்மா இருக்கவில்லை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள் அவர்கள். முறையிட்டு, 1798-இல் செங்கற்பட்டுக் கலெக்டரிடமிருந்து, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திலேயே பெற்றார்கள். படிப்பும் பதவியும் இல்லாத உழவர்களின் சொல் ஏன் எடுபட்டது? தங்கள் ஏரியில் என்ன பறவை, எப்போது, எதற்காக வருகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை உரியவரிடம் சொன்னார்கள்.

அந்த உழவர்களுக்கு ஏரி எப்படியோ, நமக்கு நம் அணை அப்படி. அங்கே தேங்கும் நீர்தான் குழாயில் வருகிறது. அந்த நீரை நாள்தோறும் பார்க்கும் கண்கள் நம்முடையவை. அடுத்த முறை “ஏதோ கொக்கு” என்று சொல்ல வாயெடுக்கும்போது ஒரு கணம் நில்லுங்கள். கழுத்து மடிந்திருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வீட்டுக்குப் போய் நாளையும் இடத்தையும் எழுதி வையுங்கள்.