அலை தாண்டும் கடலை ஆப் தாண்டாது! தெரியுமா?

அரிச்சல்முனையில் சாலை முடிகிற இடத்தில், அசோகத் தூணுக்குப் பக்கத்தில் நின்று போனைக் கையில் எடுத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் பெண் கடல், அந்தப் பக்கம் ஆண் கடல். திடீரென்று ‘இலங்கைக்கு நல்வரவு’ என்று ஒரு மெசேஜ் வந்து விழுவதுண்டு! படகேறவில்லை, பாஸ்போர்ட் இல்லை, கால் இன்னும் ராமநாதபுரம் மாவட்டத்து மணலில்தான் இருக்கிறது. தலைமன்னார் அங்கிருந்து 30 கிலோமீட்டர்கூட இல்லை. செல்போன் அலைக்கு அது ஒரு தூரமா?

இலங்கை டவர் கிடைத்தாயிற்றே, இனி டிக்டாக் திறக்குமா? திறக்காது! 2020 ஜூன் 29 அன்று இந்தியா தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஒரு நாட்டு எண் உட்கார்ந்திருக்கிறது தெரியுமா? இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413. டவர் யாருடையது என்றாலும் சிம் தன் ஊரைச் சொல்லிவிடும். அதுமட்டுமா? ரோமிங்கில் நீங்கள் தட்டுவது பெரும்பாலும் சொந்த நாட்டு நிறுவனத்துக்குத் திரும்பி, அங்கிருந்துதான் இணையத்துக்குள் போகும். தலைமன்னாரில் ஒரு பையன் அதே டிக்டாக்கில் ஆடிக்கொண்டிருப்பான். இங்கே திரை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்தக் கரைக்கு மட்டும் எல்லாம் திறந்தே இருந்ததா? இல்லை! 2007 ஜூனில் தமிழ்நெட் செய்தித் தளத்தை இலங்கை முடக்கியது. மன்னாரில் திறக்காத பக்கம் ராமேஸ்வரத்தில் திறந்தது.

இன்னும் வியப்பு 2019 ஏப்ரல். மூன்றாம் தேதி, நம் மாவட்டத்து வழக்குகள் போகிற அதே உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான், டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. கூகுளும் ஆப்பிளும் செயலியை எடுத்துவிட்டன. ஏப்ரல் 24-ல் தடை நீங்கியது. இடையில் 21-ம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் தேவாலயங்களில் குண்டு வெடித்தது. அன்றே அங்கே பேஸ்புக், வாட்ஸ்அப் முடங்கின. ஆக, அந்தச் சில நாட்கள் இரண்டு கரையிலும் பூட்டு! வதந்தியைத் தடுக்க என்றது இலங்கை அரசு. ஆனால் மண்டபம் அகதிகள் முகாமில் இருப்பவருக்கு அக்காவோ அண்ணனோ அக்கரையில். உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கத் துடிக்கும் நேரத்தில் கையிலிருக்கிற மலிவான வழி அடைபட்டால் அந்த மனம் என்ன பாடுபடும்! எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

வானொலிக் காலத்தில் இந்தப் பூட்டு செல்லவில்லை என்பது தெரியுமா? 1952-ல் தகவல் அமைச்சரான பி.வி.கேஸ்கர் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள்! அறிவிப்பாளர் மயில்வாகனம், பின்னாளில் கே.எஸ்.ராஜா என்று அக்கரைக் குரல்கள் இக்கரை வீட்டுக் குரல்களாயின. அகில இந்திய வானொலியே 1957 அக்டோபர் 3-ல் சினிமாப் பாட்டுக்கு விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. 1982-ல் இலங்கைத் தொலைக்காட்சி ரூபவாஹினி வந்தபோதும் இந்தக் கரையில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டிப் பார்த்தார்கள். கேட்பவர் எந்த நாட்டுக்காரர் என்று ரேடியோ பெட்டி விசாரிக்காது. இணையம் முதலில் விசாரிப்பதே அதைத்தான்.

இன்னொன்று தெரியுமா? இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் ஒரு தளத்தை முடக்கினால், 2009-ம் ஆண்டு விதிகளின் 16-வது விதிப்படி அதற்கு வந்த புகாரும் எடுத்த நடவடிக்கையும் ரகசியம். பக்கம் திறக்காதவருக்குக் காரணம் தெரியாது. இது சரியல்ல என்றே நான் சொல்வேன்.

ஆனால் ஒரு ஊரின் இணையத்தையே நிறுத்தினால் கதை வேறு. அந்த உத்தரவை அரசு வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று, காஷ்மீர் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் ஊரில் நெட் நிறுத்தப்பட்டால், உத்தரவு எங்கே என்று கேளுங்கள்.