எதுக்கு இந்தத் தையல், சிஸ்டர்?

என் தங்கைக்குத் தலைப்பிரசவம் ஆகி ஆறாம் நாள். கட்டிலில் ஒருக்களித்துத்தான் உட்கார முடிந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்க நிமிரும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“எத்தனை தையல்டி?”

“தெரியலக்கா.”

“எதுக்காம்?”

“முதல் பிரசவம்னா எல்லாருக்கும் போடுவாங்களாம்.”

அந்த ‘எல்லாருக்கும்’ சரியில்லை.

குழந்தையின் தலை வெளிவரும் நேரத்தில், பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தசையைக் கத்தரியால் வெட்டிவிட்டுப் பிறகு தைக்கிறார்கள். தானாகக் கிழிந்தால் தாறுமாறாகக் கிழியும், நாமே வெட்டிவிட்டால் பத்திரம் என்ற எண்ணத்தில் வந்த பழக்கம் இது. கேட்க நியாயமாகவே படும். 1993-ல் வெளியான அர்ஜென்டினா ஆய்வில் 2,606 பெண்களை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் வெட்டு, மற்றதற்குத் தேவைப்பட்டால் மட்டும். ஆசனவாய் வரை போகும் பெருங்காயம், வழக்கமாக வெட்டியதால் குறையவில்லை. வலிதான் கூடியது. 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் எல்லோருக்கும் வெட்டுவதைப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதிவிட்டது. வயிற்றை மேலிருந்து அமுக்கிக் குழந்தையைத் தள்ளுவது, எனிமா, முடி மழிப்பது எல்லாம் அதே பட்டியலில் இருக்கின்றன. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினாலோ, ஆயுதம் போட்டு எடுக்க நேர்ந்தாலோ வெட்டு அவசியமாகலாம். அப்போது தடுக்காதீர்கள்.

தொப்புள்கொடியும் அப்படித்தான். பிறந்த நொடியே கிளிப் போட்டு வெட்டுவது பழைய வழக்கம். அந்தக் கொடியை இரண்டு விரலால் பிடித்தால் நாடிபோல் துடிப்பது தெரியும். நஞ்சிலிருந்து குழந்தைக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. நன்றாக அழும் குழந்தையை அம்மாவின் வயிற்றிலேயே கிடத்தித் துடைத்து, ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டினால், மாதக்கணக்கில் அதன் உடம்பில் இரும்புச்சத்து கூடுதலாக நிற்கும். ரத்தசோகை மலிந்த நம் ஊரில் பைசா செலவில்லாத மருந்து!

நர்சுகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவெல்லாம் பிரசவத்துக்கு மேல் பிரசவம் பார்க்கிற சிஸ்டர், புது வழிகாட்டுதலை எப்போது படிப்பார்? சரியான முறையை அவர்கள் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2023-ல் வெளியான ஓர் ஆய்வே சாட்சி. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்தது. பாதி இடங்களில், பிரசவத்துக்குப் பின் போகும் ரத்தத்தைக் கண் மதிப்பில் விடாமல், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் பிடித்து அளந்தார்கள். அளவு மீறியதும் கருப்பையைத் தேய்த்துவிடுவது, மருந்து, டிரிப்ஸ் எல்லாவற்றையும் சேர்த்தே தொடங்கினார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறப்பது, மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், மற்ற இடங்களைவிட அங்கே 60 சதவீதம் குறைவு.

இனி உங்கள் உரிமை. உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டியதைத் தவிர, ஒன்றுக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வலியில் துடிக்கும்போது சட்டம் பேச முடியாது. எட்டாம் மாதச் செக்கப்பிலேயே கேட்டுவிடுங்கள்: “தேவைப்பட்டால்தான் வெட்டுவீர்களா? கொடியை எப்போது வெட்டுவீர்கள்? அம்மாவோ அக்காவோ கூட இருக்கலாமா?” பிரசவ அறையில் துணைக்கு ஆள் இருப்பதை மத்திய அரசின் ‘லக்‌ஷ்யா’ திட்டமும் வலியுறுத்துகிறது. நீங்கள் வாய் திறக்க முடியாத நேரத்தில் அந்தத் துணை கேட்கும்.

வீடு திரும்பிய பின் தையலில் வீக்கம், சீழ், நாற்றம், காய்ச்சல், திடீர் ரத்தப்போக்கு எதுவானாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

குறை இருந்தால், அரசு மருத்துவமனையில் நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். 104-க்கும் அழைக்கலாம். கட்டணம் கட்டிப் பார்த்த இடமென்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அரசு மருத்துவமனையில் அடித்தாலோ இழிவாகப் பேசினாலோ ஓராண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையம். எங்கே போனாலும் முதலில் வேண்டியது சிகிச்சைக் குறிப்பின் நகல். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர்கள் அதைத் தர வேண்டும் என்பது விதி. வாங்கியதும், வெட்டியதற்குக் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். என் தங்கையின் நகலில் தையல் போட்ட நேரம் இருந்தது. காரணம் இல்லை.