கூஸ்கோவிலிருந்து வந்த நண்பர்

குருமடத்தில் என்னோடு ஒரே வகுப்பில் பயின்ற நண்பர் ஒருவர், தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் நெடுங்காலமாக மறைப்பணி ஆற்றி வருகிறார். ஆண்டீஸ் மலைமீது ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள கூஸ்கோ என்னும் பழம்பெரும் நகரில் அவர் வாழ்கிறார். குறுவை அறுவடைக் காலத்தில் விடுமுறைக்கு வந்தவர், "தஞ்சையை எனக்குச் சுற்றிக் காட்டும்" என்றார். மாணவப் பருவத்தில் இருவரும் பார்த்த ஊர்தானே என்று எண்ணியவாறே புறப்பட்டேன்.

பெரிய கோயிலின் சுவரைக் கண்டதும் சற்று நின்றுவிட்டார். காரணம் கேட்டேன். கூஸ்கோவில் இன்கா மன்னர்களின் கதிரவன் கோயில் இருந்தது. ஸ்பானியர் 1533-இல் அதன் பொன் தகடுகளைப் பெயர்த்தெடுத்தனர். பின்னர் அச்சுவர்களின் மீதே நம் தோமினிக்கன் சபையாரின் ஆலயமும் மடமும் எழுந்தன. 1950-இல் நிலம் நடுங்கியபோது மேலிருந்த கட்டடம் பெரிதும் சேதமுற்றது. கீழிருந்த இன்கா சுவரோ நிலைத்து நின்றது. "அவ்வழியே செல்லும்போதெல்லாம் எனக்கு வெட்கமாயிருக்கிறது" என்றவர், "இங்கே எதை இடித்து எதைக் கட்டினார்கள்?" என்று வினவினார்.

தஞ்சையும் போரறியாத ஊரன்று. எனினும் இராசராசன் 1010-இல் கட்டி முடித்த கோயிலைப் பின்வந்தோர் காத்தனர். அம்மன் சந்நிதி பாண்டியர் காலத்தது. பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. மராத்தியர் தம் குல வரலாற்றை 1803-இல் அங்கேயே கல்லில் பொறித்தனர். சோழர் கல்வெட்டிலோ ஆடல் மகளிர் 400 பேரின் பெயரும், அவரவர் குடியிருந்த வீடும், ஆண்டுக்குப் பெற்ற 100 கலம் நெல்லும் காணக் கிடக்கின்றன. கலம் என்றதும் உழவர் மகனான நண்பர் மூட்டைக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்!

அருகே சிவகங்கைப் பூங்காவை ஒட்டி, 1779-இல் எழுந்த சுவார்ட்ஸ் ஆலயம் உள்ளது. "இதையும் பார்ப்போம், நீர் பலமுறை பார்த்திருப்பீர்" என்றார். நான் பார்த்ததில்லை. எத்தனையோ ஆண்டுகள் அவ்வழியே சைக்கிளில் சென்றவன். லுத்தரன் போதகர் கட்டிய கோயில்தானே என்று ஒருநாளும் இறங்கியதில்லை.

உள்ளே ஒரு சலவைக்கல் சிற்பம். மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ். அவர் கையைப் பற்றியபடி சரபோஜி மன்னர். தம்மைப் பாதுகாத்து வளர்த்த அந்த முதியவர் 1798-இல் இறந்தபின், இலண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லி மன்னரே செய்வித்தது. அவர் இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தவர்.

நண்பர் முழந்தாளிட்டார். சற்றே தயங்கி, நானும் அவரருகே முழந்தாளிட்டேன்.