ஊசி நூலில் வளரும் சிநேகம்

தசரத்பூர், ஜனக்பூர், மிதிலா, ஊர்மிளாபூர், பரத்பூர், பர்ணசாலா, சபரி, பஞ்சவடி என்று இராமாயணத்தின் பெயர்களையே வரிசையாகத் தாங்கி நிற்கும் ஊர்கள் நடு அந்தமானில் ரங்கத் என்ற ஊரைச் சுற்றி அமைந்திருப்பதைக் காணும் தமிழர், இவை ஏதோ புராதன க்ஷேத்திரங்கள் போலும் என்று எண்ணிவிடக்கூடும். உண்மையில் இவை, தேசப் பிரிவினையால் கிழக்கு வங்காளத்தில் வீடும் வயலும் இழந்து, 1949-ஆம் ஆண்டு முதல் கப்பல் கப்பலாக அந்தமானுக்கு அழைத்து வரப்பட்ட அகதிக் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்காக, 1950-களில் காட்டை வெட்டி உண்டாக்கப்பட்ட குடியேற்றக் கிராமங்கள். பதினான்கு ஆண்டு வனவாசத்துக்குப் பின் அயோத்தி திரும்பியவர்களின் கதையிலிருந்து பெயர் எடுத்துக் கொடுக்கப்பட்ட அந்த மக்களுக்கோ திரும்பிச் செல்ல ஊர் இல்லை. வந்த இடத்தையே ஊராக்கிக் கொள்ள வேண்டியிருந்தது.

அவ்வாறு ஊராக்கிக் கொள்வதற்குச் சர்க்கார் கொடுத்த நிலமும் மாடும் விதையும் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியமான வேறொன்றை அந்தப் பெண்கள் தங்கள் கையோடு கொண்டு வந்தார்கள். அதற்குக் காந்தா என்று பெயர். பழம் புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டுத் தையலால் நெருக்கமாகத் தைத்து, போர்வையாகவும் விரிப்பாகவும் குழந்தையைச் சுற்றும் துணியாகவும் பயன்படுத்தும் வங்காளத்துச் சம்பிரதாயம் அது. ஒரு கலைக்கு வேண்டிய முதல் இத்தனை சொற்பமாக இருப்பது உலகில் அரிது. தறி வேண்டாம், சாயம் வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம்; உடுத்துக் கிழிந்த புடவையே துணி, அதன் கரையிலிருந்து உருவிய வண்ண இழையே நூல்; காசு கொடுத்து வாங்க வேண்டியது ஊசி ஒன்றுதான். எல்லாவற்றையும் இழந்தவர்களிடமும் மிஞ்சியிருக்கக்கூடிய கலை அது.

நமக்கும் இதன் உட்பொருள் அந்நியமன்று. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல், பாட்டியின் பழம்புடவையிலோ தாத்தாவின் நைந்த வேட்டியிலோ சுற்றி வைப்பதும், அம்மாவின் நூல்புடவையை உத்தரத்தில் கட்டித் தூளியாக்குவதும் தமிழ் வீடுகளின் வழக்கம். பல காலம் துவைத்த பருத்தி குழந்தையின் மேனியை உறுத்தாது என்பது ஒரு காரணம். பெரியவர்கள் உடுத்தியதில் அவர்களுடைய ஆசியும் இருக்கிறது என்பது மற்றொரு காரணம். தமிழ்ப்பெண் அந்தப் புடவையை அப்படியே கட்டிவிடுகிறாள். வங்காளத்துப் பெண்கள் அதே புடவையை ஐந்தாறு பேராகச் சேர்ந்து தைக்கிறார்கள்.

விரிக்கும் வேளை

சேர்ந்து என்று சொல்வது அழகுக்காக அன்று. காந்தா தைப்பதில் ஒருத்தியால் தனியாகச் செய்ய முடியாத கட்டம் ஒன்று உண்டு. மெல்லிய கோடைப் போர்வைக்கு இரண்டு மூன்று புடவைகளும், ‘லேப்’ எனப்படும் கனத்த குளிர்காலப் போர்வைக்கு அதனினும் அதிகமும் வேண்டும். துவைத்து உலர்த்திய புடவைகளைப் பெருக்கித் துடைத்த தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கும்போது, அடியிலுள்ள துணியில் சிறு மடிப்பு விழுந்தாலும் அது பிற்பாடு தையலில் அகப்பட்டு, போர்வை உள்ளவரை திருத்த முடியாத கோணலாக நிலைத்துவிடும். ஆகவே நான்கு மூலைகளையும் நான்கு பேர் இழுத்துப் பிடிக்க, ஐந்தாமவள் நடுவிலிருந்து வெளிப்புறமாக உள்ளங்கையால் நீவிக்கொண்டே வருகிறாள். ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்து, நீளவாக்கில் இரண்டு மூன்று வரிசை பெருந்தையல் போட்டு, அடுக்குகள் நகராதபடி கட்டிவிட்ட பிறகுதான் மற்றவர்கள் கையை எடுக்கலாம். அதன்பின் அதைச் சுருட்டி மூலையில் வைத்து, அவகாசம் கிடைத்தபோதெல்லாம் எடுத்துத் தைக்கலாம். ஒரு மாதத்திலும் முடிக்கலாம், பாட்டி தொடங்கியதைப் பேத்தி முடித்து வைக்கவும் செய்யலாம்.

இந்த விரிக்கும் வேளைதான் சிநேகத்தின் வித்து. இன்று என் வீட்டுத் துணியை நீ வந்து இழுத்துப் பிடித்தால், நாளை உன் வீட்டுத் துணிக்கு நான் வந்தாக வேண்டும். கூலி கிடையாது; கணக்கு மட்டும் உண்டு, அந்தக் கணக்கும் ஒருபோதும் தீர்வதில்லை. தீராத கணக்கு உள்ள வீடுகளுக்கிடையே போக்குவரத்து நிற்பதில்லை என்பது கிராமத்தில் வாழ்ந்தவர் எவருக்கும் தெரியும்.

விரித்து முடித்த பின் தைப்பதற்குத் துணை வேண்டியதில்லை. ஆயினும் துணையோடு தைக்கவே பெண்கள் விரும்புகிறார்கள். ஓட்டுத் தையல் என்பது ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச் செல்வதே அன்றி வேறில்லை. பழகிய கைக்கு அதில் பாதிக் கவனம் போதும், மீதிக் கவனம் முழுதும் சம்பாஷணைக்கு மீந்துவிடுகிறது. முகத்துக்கு முகம் பார்த்துப் பேசத் தயங்கும் விஷயங்களையும் துணியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட முடிகிறது. மருமகளின் கோபம், மகனின் பரீட்சை, மீன் விலை, கப்பல் டிக்கெட் கிடைக்காத கதை, எவளோ ஒருத்தி தைத்த மயில் கோழியாகிப் போன வேடிக்கை என்று பேச்சு எங்கெங்கோ அலைந்து திரும்பும்.

“தீதி, என் கோடு கோணிக்கொண்டே போகிறதே!”

“போகட்டும் தங்கச்சி, போர்த்திக்கொண்டு தூங்குகிறவன் கண்ணை மூடிக்கொண்டுதானே தூங்குவான்!”

இத்தகைய பேச்சு எழும் இடத்தில் சிரிப்புக்குக் குறைவு இராது. விளக்கு வைத்த பின் ஊசியைக் கைமாற்றிக் கொடுக்கலாகாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதன் சாஸ்திரம் எதுவாயினும், சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபின் தீபம் ஏற்றும் வரையுள்ள அந்தப் பிற்பகல் நேரமே தையலுக்கும் பேச்சுக்கும் உரிய நேரமாக எங்கும் அமைந்திருக்கிறது.

ஆற்றுக்கு அக்கரையில்

துணி அடுக்கித் தைப்பது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய வித்தையன்று. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியாரான கறுப்பினப் பெண்கள், பழைய வேலைச் சட்டைகளையும் மாவு மூட்டைத் துணிகளையும் வெட்டி இணைத்துக் குளிருக்குப் போர்வை தைத்து வந்தார்கள். அங்கு முறை வங்காளத்துக்கு நேர் எதிர். துண்டுகளை வெட்டி இணைத்து மேல்துணியை உருவாக்குவது ஒவ்வொருத்தியின் தனி வேலை, அதில் எவரும் தலையிடுவதில்லை. அதை அடித்துணியோடும் பஞ்சோடும் சட்டத்தில் பூட்டித் தைக்கும் கட்டத்தில்தான் அண்டை வீட்டார் கூடிப் பாடிக்கொண்டே தைப்பார்கள். வங்காளத்தில் கூட்டம் தொடக்கத்தில் கூடுகிறது, அலபாமாவில் முடிவில் கூடுகிறது. கூட்டமே கூடாமல் வேலை முடிவது இரண்டிடத்திலும் அபூர்வம்.

அந்த ஊர்ப் பெண்களும் ஆண்களும் வாக்காளர் பட்டியலில் தங்கள் பெயரைப் பதிய முயன்ற காலத்தில், 1962-இல், அவர்களை எதிர்க்கரையிலுள்ள நகரத்தோடு இணைத்த படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. மீண்டும் அது தொடங்கியது 2006-இல்தான். படகு நின்றால் ஊர் என்ன ஆகும் என்பதை ரங்கத்து வாசகர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஊரின் போர்வைகள் ஆற்றைக் கடந்துவிட்டன. 2002-இல் ஹூஸ்டன் நகரத்துக் கலைக்கூடத்திலும், அதனை அடுத்து நியூயார்க்கிலுள்ள விட்னி கலைக்கூடத்திலும் அவை ஓவியங்களுக்குச் சமமாகச் சுவரில் தொங்கின. 2006-இல் அந்நாட்டுத் தபால் தலைகளில் ஏறின.

நம் தேசத்திலேயே, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சத்தவரான சித்தி இனப் பெண்கள் ‘கவாந்தி’ என்ற விரிப்பைத் தைக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, நடுவில் போய் முடிப்பது அவர்களுடைய பாணி. நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் பூ வைத்துத் தைக்காத கவாந்தி, அவர்கள் கண்ணுக்கு அம்மணமாகத் தெரியுமாம்! பயனுள்ள பொருளுக்குப் பயனற்ற ஓர் அழகைச் சேர்த்தால்தான் அது நிறைவு பெறும் என்ற அந்தப் பெண்களின் நம்பிக்கையில் உள்ள ரஸிகத்தன்மை, கலையைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் எழுதுவோருக்கும் எளிதில் வாய்ப்பதன்று.

கூலியும் கொண்டாட்டமும்

இத்தனை சிலாக்கியமான பொருளுக்கு விலை வேண்டாமா என்று கேட்பது நியாயம். 1966-இல் அலபாமாவில் பெண்கள் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து தங்கள் தையலை விற்கத் தொடங்கினார்கள். பீகாரில் முஜாபர்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த பூசுரா கிராமத்துப் பெண்கள், குழந்தைக்கென்று தைத்து வந்த ‘சுஜனி’யைத் தங்கள் வாழ்க்கைக் கதைகளையே தைத்துக் காட்டும் சித்திரத் துணியாக வளர்த்து, அதனால் வருவாயும் மதிப்பும் பெற்றார்கள். வங்காளத்தின் சித்திரக் காந்தாவான நக்ஷி காந்தா புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் கலைக்காக 2023-இல் பிரீதிகணா கோஸ்வாமியும், 2024-இல் தக்தீரா பேகமும் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். இவையெல்லாம் சந்தோஷமான செய்திகளே.

ஆனால் துணிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, சித்திரத்தையும் நூலையும் வெளியார் கொடுத்து, இன்ன தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைத்த உடனே, பேசிக்கொண்டிருந்த வாய்கள் மூடிக்கொள்கின்றன. கோணலான கோட்டைப் பார்த்துச் சிரிக்க முடிவதில்லை, அதற்குக் கூலி பிடித்துவிடுவார்களே என்ற அச்சம் வந்துவிடுகிறது. கல்கத்தாவை அடுத்த ஜோகாவிலுள்ள குருசதய் தத்தர் பொருட்காட்சிச் சாலையில், மானதாசுந்தரி என்ற பெண்மணி தன் தந்தைக்கென்று தைத்த பழங்காலக் காந்தா ஒன்று இருக்கிறது. தன் கையால் தைத்துத் தந்தைக்குச் சமர்ப்பித்ததை அதிலேயே எழுத்தாகவும் தைத்திருக்கிறாள். யாருக்காகத் தைக்கிறோம் என்பது தெரிந்து தைத்த துணி அது. ஏற்றுமதிக்குத் தைக்கிறவளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சம்பாதிக்க வேண்டிய பெண் சம்பாதிக்கட்டும். அதற்கு உரிய கூலியைக் குறையாமல் வாங்கட்டும். ஆயினும் வாரத்தில் ஒரு பிற்பகலாவது விலைக்கில்லாத துணியைத் தைக்கட்டும்.

அதற்கும் இப்போது ஒரு விக்கினம் நேர்ந்திருக்கிறது. வீட்டில் பழைய நூல்புடவை எங்கே? இளையவர்கள் வீட்டில் அணிவது நைட்டி; வெளியில் உடுத்தும் புடவையோ பெரும்பாலும் பாலியெஸ்டர். அது கிழிவதுமில்லை, வியர்வையை உறிஞ்சுவதுமில்லை; அடுக்கி விரித்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடுகிறது. ஆகையால் வீட்டிலே மூத்தவர்களின் பெட்டியில் சுங்குடியோ கண்டாங்கியோ வங்காளத்துத் தாந்த் புடவையோ இருக்குமானால், அதைப் பாத்திரக்காரனிடம் போட்டுவிடாமல் காப்பாற்றி வைப்பது நல்லது.

புடவையைப் போலவே, கூடித் தைக்கப் பல வீட்டுக் கைகளும் வேண்டும். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர் வங்காளமும், 19 பேர் இந்தியும், 15 பேர் தமிழும், 13 பேர் தெலுங்கும் தாய்மொழியாகப் பேசுகிறார்கள். மலையாளமும் நிக்கோபாரியும் வேறு. சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் எல்லோரும் இந்தியில் பேசிக் காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் காரியம் முடிந்த பிறகும் உட்கார்ந்து பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும். வங்காளத்தில் காந்தாவுக்கு உகந்த காலம் மழைக்காலம் என்பார்கள். அங்கே மழை ஒரு பருவத்தோடு நின்றுவிடும். ரங்கத்திலோ தென்மேற்கும் வடகிழக்கும் முறை வைத்துப் பொழிவதால், மே மாதத்தில் தொடங்கிய மழை டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. இத்தனை நீண்ட தையற்காலத்தை இயற்கை வேறு யாருக்கும் எளிதில் அளிக்கவில்லை.

ஆகவே ரங்கத்துத் தமிழ்ச் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஏற்கெனவே சேமிப்புக்கும் கடனுக்கும் கூடிக் கணக்கெழுதுகின்றன. அந்தக் கூட்டங்களில் ஒன்றை மட்டும் கணக்கில்லாத கூட்டமாக்கி, பக்கத்து வீட்டு வங்காளத்து மாசியையும் தெலுங்கு அக்காவையும் மலையாளச் சேச்சியையும் அழைத்து, ஆளுக்கொரு பழைய நூல்புடவையோடு உட்காருங்கள். விரிப்பதற்கு மாசி கற்றுக் கொடுப்பார். கடற்காற்றில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும், எண்ணெய் தடவிய துணியில் செருகி வையுங்கள். முதற் போர்வையை யாருக்குக் கொடுப்பது என்று சண்டை வராமலிருக்க, ஊரில் அடுத்துப் பிறக்கப் போகும் குழந்தைக்கு என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.