எரிந்தும் எஞ்சியவை

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு அருகில் தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 1984ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இங்கு, பிரித்தானியத் தொழிற்சாலைகளில் உருவான வண்டிகளே இடம்பெற்றுள்ளன. அதற்கு அவ்விடம் பொருத்தமானதே. துப்பாக்கி செய்துவந்த பி.எஸ்.ஏ. நிறுவனம் மிதிவண்டிக்கும், பின்னர் மோட்டார் சைக்கிளுக்கும் மாறியது பர்மிங்காமில்தான். நார்ட்டன் நிறுவனம் பிறந்ததும் அங்கேதான்.

1969இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் நான்கு உருளைகள் கொண்ட எந்திரத்துடன் புதிய வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை இயக்கக் காலால் உதைக்க வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் போதும். இத்தகைய போட்டிக்கு ஈடுகொடுக்க இயலாமல் பிரித்தானியத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ராயல் என்ஃபீல்டு மட்டும் வேறு வகையில் பிழைத்தது. 1955 முதலே புல்லட் வண்டி சென்னையிலும் உருவாகத் தொடங்கியிருந்ததால், தாய் நிறுவனம் மறைந்த பின்னும் அதன் உற்பத்தி நிற்கவில்லை. மற்றப் பல வண்டிகளுக்கோ அருங்காட்சியகமே புகலிடம் ஆயிற்று.

அப்புகலிடத்தில் 2003 செப்டம்பர் 16 அன்று தீப்பற்றியது. அணைக்காமல் எறியப்பட்ட சிகரெட் துண்டே காரணம் எனப்பட்டது. ஊழியர்களும், அங்கு நடந்த கூட்டங்களுக்கு வந்திருந்தவர்களும் இயன்றவரை வண்டிகளை வெளியே உருட்டி வந்தனர். எனினும் ஏறத்தாழ 380 வண்டிகள் தீக்கு இரையாயின.

எரிந்த வண்டியில் எது எஞ்சும்? அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும். எஃகும் வார்ப்பிரும்பும் அவ்வெப்பத்தில் உருகுவதில்லை. எனவே, வண்டியின் எஃகுச் சட்டகம் வளைந்தேனும் நிற்கும். எந்திரத்தின் அலுமினிய உறையோ உருகி ஓடிவிடும். வண்டியின் அடையாளமாகிய எந்திர எண் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருப்பது அவ்வுறையின்மீதுதான் என்பது வருந்தத்தக்கது.

2004 டிசம்பரில் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டது. கருகியவற்றுள் பல வண்டிகள் பழைய வடிவிலேயே புதுப்பிக்கப்பட்டன. உறையும் பூச்சும் இருக்கையும் புதியனவானால், அது பழைய வண்டிதானா? இவ்வினா எளிதன்று. பார்ப்பவர் அவ்வண்டியின் அமைப்பையும் அளவையும் அறியலாம்; அதைச் செய்த தொழிலாளியின் கைத்தடம் மட்டும் அதில் இராது. எப்பகுதி பழையது, எப்பகுதி புதியது என்று குறித்து வைத்தால் புதுப்பித்தல் நேர்மையான பணியே. அக்குறிப்பு இல்லாதபோதுதான் வரலாறு பொய்யாகிறது.

புதிய கூடங்களில் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் பொருத்தப்பட்டன. எரிந்த கட்டடத்தில் அவை இருந்ததில்லை.