விரும்பிய வேலையும் குறைந்த ஊதியமும்



இரண்டு ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்தபின் மூவர் பங்கு இல்லத்திற்கு வந்தனர். தந்தை தையற்காரர், கண்பார்வை மங்கத் தொடங்கியவர். தாய் ஒரு மூலையில் பேசாமல் அமர்ந்தார். மகளுக்கு வயது இருபத்தாறு.

“தோத்திரம், சாமி. நீங்களே இவளுக்குப் புத்தி சொல்லுங்கள்” என்று தந்தை தொடங்கினார். மகள் நகரத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் கணக்கெழுதி மாதம் 26,000 ரூபாய் பெற்றுவந்தாள். அதைவிட்டு, எங்கள் ஊருக்கு அருகிலுள்ள செவித்திறன் குறைந்த குழந்தைகளின் பள்ளியில், பிடித்தம் போக 14,000 ரூபாய்க்கு ஆசிரியையாகச் சேர விரும்பினாள். அதற்குரிய ஈராண்டுப் பட்டயப் பயிற்சியை அவள் முன்னரே முடித்திருந்தாள். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பெயரும் பதிந்திருந்தாள். பயிற்சி முடிந்த வேளையில் இடம் கிடைக்காததால்தான் கணக்கெழுதப் போனாள்.

“சாமி, ஒரு குழந்தை முதன்முதலாகத் தன் பெயரை உதட்டசைவில் கண்டுகொண்டு திரும்பிப் பார்த்ததைப் பயிற்சிக் காலத்தில் கண்டேன். அதை என்னால் மறக்க முடியவில்லை” என்றாள்.

நான் உடனே விடை கூறவில்லை. அதற்கொரு காரணம் உண்டு.

குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில், வேதியராகப் பணியாற்ற விரும்பிய ஓர் இளைஞனுக்கு நான் மகிழ்ச்சியோடு ஆசி வழங்கினேன். “ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்றேன். அவனுக்குக் கடன் உண்டா என்று கேட்கவில்லை. வீட்டில் எத்தனை பேர் உண்கிறார்கள் என்றும் கேட்கவில்லை. மூன்றாண்டுகளில் வட்டி முதலை விழுங்கிற்று. மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. அவன் வேலையை விட்டான். சில காலம் கோவிலையும் விட்டான். ஆண்டவர் அவனைப் பார்த்துக்கொள்ளாமல் இல்லை. அவர் கேட்கச் சொன்ன கேள்விகளை நான்தான் கேட்கவில்லை. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்காஸ் நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறியுள்ளார். ஆகவே கணக்கிடுதல் விசுவாசக் குறைவன்று.

எனவே அன்று ஒரு தாளை எடுத்துக் கணக்கெழுதச் சொன்னேன். நகர விடுதிக்கும் சாப்பாட்டிற்கும் 8,000 போக, மகள் வீட்டுக்கு அனுப்பியது 18,000. அதில் நகைக்கடனுக்கு 6,000, பாலிடெக்னிக்கில் பயிலும் தம்பிக்கு 4,000, வீட்டுச் செலவுக்கு 8,000. புதிய வேலையில் வீட்டிலிருந்தே போய்வரலாம். பேருந்துக்கும் கைச்செலவுக்கும் 2,500 போக 11,500 மிஞ்சும். ஆனால் அவள் சாப்பாட்டிற்கு 1,500 கூடும். ஆக மாதம் 8,000 ரூபாய் துண்டு விழுந்தது. ஊதியங்களுக்கிடையே இருந்த 12,000 ரூபாய் வேறுபாடு தாளில் 8,000 ஆகிவிட்டது. எனினும் ஏழைக் குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று.

கணக்கு முடிந்த இடத்தில் புனித இஞ்ஞாசியார் துணைக்கு வந்தார். 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவருடைய ஆன்மீகப் பயிற்சிகளில், முடிவெடுக்கும் முறை தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. மனம் முதலில் எப்பக்கமும் சாயாத தராசு முள்ளைப்போல் நிற்கவேண்டும். நன்மை தீமைகளை இருபுறமும் நிறுக்க வேண்டும். அடுத்து மூன்று காட்சிகளை மனக்கண்முன் நிறுத்த வேண்டும்: முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் வந்தால் அவருக்கு என்ன அறிவுரை கூறுவேன்? மரண வேளையில் எதைத் தெரிந்துகொண்டிருக்க விரும்புவேன்? தீர்ப்பு நாளில் எதை?

முதல் கேள்வியைத் தந்தையிடமே கேட்டேன். “வேறொருவருடைய மகள் இப்படி வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்?” நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தவர், “போ என்றுதான் சொல்வேன், சாமி” என்றார். பின்னர் அவர் மனத்திலிருந்தது வெளிவந்தது. பணத்தைவிட மகளின் திருமணமே அவரை வாட்டியது. “14,000 வாங்கும் பெண்ணை யார் கேட்டு வருவார்கள்?” என்றார்.

அப்போதுதான் தாய் வாய் திறந்தார். “சம்பளத்தைக் கேட்டு வருகிறவன் வரவே வேண்டாம். அடகிலிருக்கும் என் சங்கிலியை விற்றுக் கடனை அடைப்போம். மாதம் ஆறாயிரம் மிஞ்சுமே!” துண்டு 2,000 ஆகச் சுருங்கியது. தம்பியின் படிப்பு முடிய இன்னும் ஓராண்டே இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. புனிதர்களின் துறவை எல்லார்மீதும் ஏற்றிவிடலாகாது. நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் ஜூசேப்பே மொஸ்காத்தி, 1987-இல் புனிதராக உயர்த்தப்பட்டவர். ஏழைகளிடம் கட்டணம் பெறாமல் மருத்துவம் செய்தார். அவர் மணமாகாதவர், அவரது தியாகத்தால் எந்தக் குழந்தையும் பசித்திருக்கவில்லை. தன் வீட்டாரைப் பேணாதவனைத் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் வன்மையாகக் கடிகிறது. நம் ஆர்வத்தின் விலையைப் பிறர் தலையில் சுமத்துவது தியாகமாகாது. விலை கொடுப்பவர்கள் அந்தத் தாயைப்போல மனமுவந்து கொடுக்கவேண்டும்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். இது எங்களைப்போன்ற நிறுவனப் பொறுப்பாளர்களுக்கு. சேவை என்னும் பெயரால் குறைந்த கூலி கொடுப்பது எளிது; வருகிறவர் அன்பினால் வருகிறார், எதிர்த்துக் கேட்கமாட்டார். ஆனால் 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தமது சுற்றுமடலில், இரு தரப்பினரும் ஒப்புக்கொண்டதனால் மட்டும் கூலி நீதியானதாகிவிடாது. சிக்கனமாய் வாழும் தொழிலாளி பிழைக்க அது போதவேண்டும் என்று கற்பித்தார். திருச்சபைக்காக உழைப்போருக்கும் போதிய ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வேண்டுமென 1971-ஆம் ஆண்டு ஆயர் மாமன்றம் வலியுறுத்தியது. பணிக்கொடை ஆசிரியர்களுக்கும் உரியது என்பதை 2009-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் உறுதிசெய்தது. ஆகவே வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை, ஆண்டு உயர்வு ஆகியவற்றைப் பள்ளியில் கேட்டு, எழுத்தில் பெறும்படி அப்பெண்ணிடம் கூறினேன். “கேட்டால் தவறாக நினைக்கமாட்டார்களா, சாமி?” என்றாள். “நீதியைக் கேட்பது பேராசை அன்று, மகளே” என்றேன். பள்ளியின் பொறுப்பாளருக்கு நானும் ஒரு கடிதம் எழுதினேன். ஆண்டு உயர்வு எழுத்தில் கிடைத்தது.

அவ்வாண்டு ஜூனில் அவள் பணியேற்றாள். அற்புதம் எதுவும் நிகழவில்லை. முதலாண்டில் சில மாதங்கள் அந்த 2,000 ரூபாய் உண்மையாகவே உறுத்தியது. கிறிஸ்துமசுக்குப் புத்தாடை தம்பிக்கு மட்டுமே. இப்போது தம்பி வேலைக்குப் போகிறான். திருமணம் இன்னும் கூடிவரவில்லை. அந்தக் கவலை தந்தைக்கு நீங்கவுமில்லை. ஆனால் பள்ளி ஆண்டுவிழாவில் மகளின் மாணவர்கள் மேடையேறியபோது, அவர் முன்வரிசையில் அமர்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இக்கேள்வி எழலாம். அன்று கோபத்தில் மறுக்காதீர்கள். ஆர்வத்தில் இசையவும் வேண்டாம். குடும்பச் செபம் முடிந்தபின் ஒரு தாளை எடுத்து எல்லாரும் சூழ்ந்தமருங்கள். கடனை மறைக்காதீர்கள். யார் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதை அவரவர் வாயாலேயே சொல்லட்டும். வேலை திருமணத்தைப்போல் மாற்றமுடியாத பந்தமன்று. ஓராண்டு கழித்து மீண்டும் அதே தாளை விரித்துப் பார்க்கலாம். கணக்கு ஒருவாறு பொருந்தி, ஆசையும் நிலைத்து நின்றால், அந்த ஆசையை விதைத்தவர் இறைவனாகவும் இருக்கலாம் என்பதை மறவாதீர்கள்.