ஒரு மாத்திரையின் ஆயுள் கணக்கு

கேரளத்தின் தென்கோடியில் உள்ள குளத்தூர், பாறசாலை பகுதி மக்கள் இதயக் கோளாறு என்றால் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறலாம். அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில்தான் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான இந்திய இதய வால்வு, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வுக்கு வசதியில்லாதவர்களுக்கு அது மறுபிறவி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும்.

உலோகமும் பிளாஸ்டிக்குமான வால்வின் மீது ரத்தம் எளிதில் உறையும். கட்டி வால்வை அடைத்தால் மூச்சுத் திணறல். மூளைக்குப் போனால் பக்கவாதம். மருந்து அதிகமானாலோ ரத்தக்கசிவு. சரியான அளவைச் சொல்வது ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. சாதாரணமாக இது 1. மைட்ரல் வால்வு மாற்றியவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும்.

உடம்பு தேறியதும்தான் அலட்சியம் தலைகாட்டுகிறது. ஒரு நாள் கூலி போகுமே என்று பரிசோதனை தள்ளிப்போகிறது. பல் பிடுங்குவதற்காக டாக்டரைக் கேட்காமலே மாத்திரை நிறுத்தப்படுகிறது. கீரையை விட வேண்டியதில்லை. அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும். வலி மாத்திரையைத்தான் கேட்காமல் தொடக்கூடாது.

அடிக்கடி பரிசோதனை தேவைப்படாத டாபிகாட்ரான் மருந்தை இத்தகைய வால்வுகளுக்குத் தந்து பார்த்த ஆய்வு, கட்டிகளும் ரத்தக்கசிவும் கூடியதால் 2012இல் நிறுத்தப்பட்டது. பழைய மாத்திரைதான் கதி.

அடைத்த கட்டியைக் கரைக்க ஊசி உண்டு, மறு அறுவையும் உண்டு. இரண்டுமே ஆபத்தானவை. வால்வின் 'டிக்' ஓசை மங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அடுத்த பஸ்ஸையே பிடிக்க வேண்டும்.